புட்டு திடீரென்று எல்லோரையும் கண்டு சீறுகிறது, அம்மாவைக் கடித்தும் விட்டது. என்ன செய்வது?

பாலையூற்று_மாலா:

பூனை வளர்க்கிற ஆட்கள் யாராவது இருந்தால் இதை முழுதாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனை. புட்டு வெள்ளைக் கடுவன், நான்கு வயது, சின்னதிலேயே கருத்தடை செய்தாயிற்று. சம்பல் செம்மஞ்சள் பெட்டை, புட்டுவை விட மூத்தது, வீட்டை ஆளுகிறதும் அதுதான். புட்டு ஆரம்பத்தில் இருந்தே பயந்த சுபாவம். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் படலையில் கை வைத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும், அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் மூக்கை வெளியே நீட்டும். ஆனால் எங்களோடு அப்படியில்லை. அம்மா நாடகம் பார்க்கும்போது அவர் மடியில்தான் நித்திரை.

வெள்ளிக்கிழமை இரவு முன் ஒழுங்கையில் கல்யாண வீடு. மாப்பிள்ளை வரும்போது சீனவெடி கொளுத்தினார்கள். அந்த நேரம் புட்டு குசினி யன்னலில் இருந்தது. திடீரென்று நான் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் போட்டது, வால் போத்தல் கழுவுகிற பிரஷ் மாதிரி ஆகிவிட்டது, சும்மா நடந்து வந்த சம்பலின் மேல் பாய்ந்து உருண்டு பிரண்டு ஒரே சண்டை. அம்மா விலக்கப் போனார். கையில் கடி, முழங்காலில் நகம்.

அன்றில் இருந்து புட்டு அலுமாரிக்குப் பின்னால். அம்மாவைக் கண்டால் சீறுகிறது, முதுகில் தொட்டால் என்னையும் அடிக்க வருகிறது. சம்பலைக் கண்டால் உறுமல். சாமத்தில் வெளியே வந்து கொஞ்சம் சாப்பிடுகிறது. குசினி யன்னல் திரையிலும் பின் கதவடியிலும் மூத்திரம் பெய்து வைத்திருக்கிறது, ஒருநாளும் மண் தட்டை விட்டு வெளியே போகாத பூனை.

அம்மா கண்ணூறு என்கிறார், பத்திரகாளி கோயில் திருநீறு பூசியாயிற்று. தம்பி கொண்டுபோய் விட்டுவிடு என்கிறான். நான் வெடிதான் காரணம் என்று நினைக்கிறேன். பிடித்து இழுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தால் பழையபடி வருமா?

சூடைமீன்:

ரெண்டு நாள் வெளியில் விடுங்கள், பசி வந்தால் தானாக வாலை ஆட்டிக்கொண்டு வரும். பூனைக்கு இவ்வளவு யோசித்தால் மனிசருக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்.

மூன்று_பூனைக்காரி:

சூடைமீன், பயந்து போன பூனையை வெளியில் விட்டால் அது வராது, கிடைத்த முதல் கானுக்குள் போய்ப் பதுங்கிவிடும். பிறகு மாலாதான் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிய வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டு வருவது நாய்.

மாலா, பூனையை விடுங்கள், முதலில் அம்மாவின் கை. என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவேயில்லை. பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், தோல் மூடிக்கொள்ள கிருமி உள்ளே தங்கிவிடும், மறுநாள் கை வீங்கும். கடித்த உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும், கழுவவில்லை என்றால் இப்போதாவது கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம், எங்கள் ஊர் அம்மாமாருக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கழுவிவிட்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விசர் நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். வந்துவிட்டால் பிறகு மருந்து இல்லை. அரச ஆஸ்பத்திரியில் அந்த ஊசி இலவசம். வீட்டுப் பூனைதானே என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள், புட்டுவின் தடுப்பூசிக் கார்ட்டைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டி அவர் முடிவெடுக்கட்டும்.

சரி, இனிப் புட்டு. இழுத்து எடுக்கவே வேண்டாம். பயந்த பூனைக்கு ஒளிய ஓர் இடமும் ஓட ஒரு வழியும் இருந்தால்தான் மனம் இறங்கும், அந்த இடத்துக்குள்ளேயே கையை விட்டால் அதற்கு மிஞ்சுவது பல் மட்டும்தான். மடியில் அமுக்கிப் பிடித்துத் தடவுவது உங்களுக்கு ஆறுதல், அதற்கு அல்ல.

வெடி காரணமாக இருக்கலாம். எங்களுக்குக் காது 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும், பூனைக்கு 60ஐத் தாண்டியும் கேட்கும், சீனவெடி அதற்கு எப்படி இருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். திருகோணமலைக் கோட்டை மான்கள் கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்துக்கும் மேளத்துக்கும் நடுவில் நின்று மேய்கிறதே, பூனை மட்டும் என்ன என்று என் அண்ணர் கேட்பார். அந்த மான்களுக்கு ஓட ஒரு கோட்டை முழுக்க இருக்கிறது, புட்டுவுக்கு ஓர் அலுமாரி.

ஆனால் எனக்கு வெடிக் கதையில் ஓர் இடம் இடிக்கிறது. கல்யாண வீடு முன் ஒழுங்கையில் என்கிறீர்கள். குசினி யன்னல் பின் பக்கம்தானே? வெடிக்குப் பயந்த பூனை உடனே கட்டிலுக்கு அடியில் ஓடும், அதுதான் புட்டுவின் வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஓடவில்லை, சண்டைக்குப் பாய்ந்தது. மூத்திரம் பெய்த இடங்களையும் பாருங்கள், யன்னல், பின் கதவு, இரண்டும் வெளியே பார்க்கிற இடங்கள். பூனை ஒன்றின் மேல் ஆத்திரமாகவோ பயமாகவோ இருந்து அதை எட்ட முடியாவிட்டால், பக்கத்தில் எது அசைகிறதோ அதன் மேல் பாயும். அன்றைக்கு அசைந்தது சம்பலும் அம்மாவும். அந்தப் பதற்றம் சில பூனைகளுக்கு ஒரு மணித்தியாலத்தில் இறங்கும், சிலதுக்கு நாட்கள் எடுக்கும். அதோடு அன்று நடந்த கெட்டதுக்கெல்லாம் சம்பலும் அம்மாவும்தான் காரணம் என்று அது மனதில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

பின் மதிலில் வெளிப் பூனை எதுவும் வருகிறதா? மீன் எங்கே வெட்டுகிறீர்கள்?

திருக்கடலூரான்:

மிருகங்களுக்கு நமக்கு முன்னமே தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் பூனை கூரையை விட்டு இறங்கவேயில்லை, பிறகுதான் கடல் வந்தது. கண்ணூறு என்று அம்மா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், கடலையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று_பூனைக்காரி:

அண்ணா, எங்கள் வீட்டிலும் அன்று எல்லாம் போனது, அதைப் பகிடியாக எடுக்கவில்லை. ஆனால் கடல் வருவதற்குப் பூனை யன்னல் திரையில் மூத்திரம் பெய்யாது.

பாலையூற்று_மாலா:

அம்மாவைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன் (கோப்பித்தூள்தான் வைத்திருந்தார், எப்படிச் சொன்னீர்கள் அக்கா?). கை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. கழுவி, மருந்து தந்து, ஊசியும் தொடங்கியிருக்கிறார்கள். புட்டுவின் கார்ட் சரியாக இருக்கிறது, இந்த வருட ஊசி அடுத்த மாதம்.

நீங்கள் கேட்ட பிறகுதான் பின் பக்கம் கவனித்தேன். மீன் வெட்டுவது பின் பைப்படியில், மதிலுக்கு நேர் கீழே. அந்த மதிலில் ஒரு கறுப்பு வெள்ளைக் கடுவன், ஒரு காது கிழிந்தது, தலை இவ்வளவு பெரிது. பக்கத்து வீடு ஆளில்லாமல் பூட்டினதில் இருந்து அங்கேதான் குடியிருப்புப் போல. நேற்று இரவு யன்னலுக்கு வெளியே, கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அலுமாரிக்குப் பின்னால் இருந்து புட்டுவின் உறுமல்.

கிண்ணியா_நானா:

தங்கச்சி, நான் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வெகுகாலம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டொக்டர் இல்லை, டொக்டருக்குப் பூனையைப் பிடித்துக் கொடுத்த கை. பூனைக்கார மகள் சொன்ன காரணம் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் காரணம் கிடைத்துவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். திடீரென்று குணம் மாறின பூனை என்றால் எங்கள் டொக்டர்மார் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார்கள், மனதை அப்புறம். பல் வலி, காதுக்குள் புண், அடிபட்டது, மூத்த பூனை என்றால் தைரொயிட், இரத்த அழுத்தம் ஏறித் திடீரென்று கண் தெரியாமல் போவது, இதெல்லாம் சீறலாகத்தான் வெளியே வரும். பூனை நொண்டிக் காட்டாது, முனகிக் காட்டாது, ஒளிந்துகொள்ளும்.

உங்கள் எழுத்தில் எனக்குப் பயம் தந்தது மூத்திரம். புட்டு கடுவன். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஒடுக்கம். மனப் பதற்றத்தாலேயே கிருமி இல்லாமல் பூனைக்கு மூத்திரப்பை அழலும், அந்த அழற்சியில் கடுவனுக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். கருத்தடை செய்ததும் தப்பாது. மண் தட்டைப் பாருங்கள். வழமையான அளவுக்கு மண் கட்டி கட்டியாக நனைந்திருக்கிறதா, இல்லை அடிக்கடி போய்க் குந்தி முக்கி, சொட்டுச் சொட்டாக, இரத்த நிறத்தில், அந்த இடத்தையே நக்கிக்கொண்டு இருக்கிறதா? இரண்டாவது என்றால் விடியும் வரை பார்த்திருக்காதீர்கள். முழுதாக அடைத்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், அதுவும் வயிற்று வலி, மலச்சிக்கல் என்று நினைத்து ஆட்கள் எண்ணெய் பருக்கிக்கொண்டு இருப்பார்கள்.

சாப்பாடும் அப்படி. நாய் நாலு நாள் பட்டினி கிடந்தும் எழும்பும். பூனை, அதிலும் கொழுத்த பூனை, இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். சூடைமீன் தம்பி பசி வைத்தியம் சொன்னதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வலி இருக்கும் என்று நினைத்துப் பனடோல் கொடுத்துவிட வேண்டாம். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றத் தெரியாது, அரைக் குளிசை போதும் சாகடிக்க. முகம் வீங்கி, பல் முரசு மண்ணிறமாகி வந்த பூனைகளைத் தூக்கியிருக்கிறேன். மனிதருக்கான நித்திரைக் குளிசை, சளிக் குளிசை ஒன்றும் வேண்டாம். நாய்க்கு விற்கிற உண்ணிப் பவுடரும் பூனைக்கு ஆகாது, பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மூத்திரம் போன இடத்தை டெட்டோலால் கழுவுவதும் வேண்டாம், அது காலில் பட்டு நக்கினால் நஞ்சு. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிவிட்டு வினாகிரியும் தண்ணீரும் கலந்து துடையுங்கள், வாசம் மிஞ்சினால் திரும்பவும் அங்கேயே போகும்.

பிடித்துக் கொண்டுபோகக் கூடு இல்லை என்றால், உடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் கூடை இரண்டு ஒரே அளவில் எடுங்கள். ஒன்றில் அம்மாவின் பழைய சேலைத் துண்டு. பூனையைத் தடித்த துவாயால் மேலே இருந்து போர்த்து, துவாயோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் கூடையைக் கவிழ்த்து, சுற்றிவரக் கயிறு. மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஓட்டோச் சத்தத்தில் பாதி குறையும். சாக்கில் கட்டிக்கொண்டு வராதீர்கள், எங்கள் கண் முன்னாலேயே வெப்பத்தில் மூச்சு முட்டியிருக்கிறது.

சூடைமீன்:

பனடோல் கதை தெரியாது நானா. எங்கள் பெரியம்மா வீட்டில் கொடுப்பார்கள், இன்றைக்கே சொல்கிறேன்.

மூன்று_பூனைக்காரி:

நானா சொன்னபடி முதலில் காட்டிவிட்டு வாருங்கள் மாலா. அதோடு வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இது அவர் துறை இல்லை, என் துறை.

புட்டுவுக்கு ஓர் அறை, கதவு சாத்தி. சம்பலுக்கு மிச்ச வீடு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது, இப்போதைக்கு. ஒரே வீட்டுப் பூனைதானே, அடிபட்டுச் சமாதானமாகட்டும் என்று விட்டவர்கள் வீட்டில் வருடக்கணக்காக ஜென்மப் பகை நடக்கிறது. அறைக்குள் மண் தட்டு ஒரு மூலை, சாப்பாடு எதிர் மூலை, தண்ணீர் வேறாக. ஒரு கார்ட்போட் பெட்டியில் இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டிக் கவிழ்த்து வையுங்கள், ஒரே வாசல் என்றால் பூனைக்கு அது பொறி. அலுமாரிக்கு மேலே ஏற ஒரு கதிரையும் இருக்கட்டும், சில பூனைக்குப் பயம் வந்தால் பள்ளம் வேண்டாம், மேடுதான் வேண்டும்.

சாப்பாடு வைக்கிறது அம்மாவாக இருக்கட்டும், நீங்கள் இல்லை. இதுதான் எல்லோரும் விடுகிற இடம். அம்மாவோடுதானே அது முறுகிக்கொண்டிருக்கிறது. உப்பு, வெங்காயம் இல்லாமல் அவித்த மீன் கொஞ்சம் (சொதியில் கிடந்த மீன் வேண்டாம், வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்), அவித்த தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்தால் மூத்திரத்துக்கும் நல்லது. வைத்துவிட்டு, நிலத்தில் பக்கவாட்டாக இருந்து, அதன் கண்ணையே பார்க்காமல் கீரை ஆயட்டும். தப்பித் தவறிப் பார்வை பட்டால் மெதுவாக இமையை மூடித் திறக்கச் சொல்லுங்கள், பூனைகளுக்குள் அது வம்பில்லை என்று காட்டுகிற முறை. தொடுவது அது தானாக வந்து உரசின பிறகு, அதுவும் கன்னத்தில் மட்டும்.

குசினி யன்னல் கீழ்ப்பாதிக்குப் பேப்பர் ஒட்டுங்கள். மீன் வெட்டுகிற இடத்தை மாற்றுங்கள், செதில் குடல் எல்லாம் கட்டி மூடின வாளிக்குள். கிழிந்த காதனுக்கு உங்கள் மதில் சாப்பாட்டுக் கடையாக இருக்கிறது, கடையைப் பூட்டாமல் பேப்பர் ஒட்டி வேலையில்லை.

பாலையூற்று_மாலா:

கொண்டுபோய்க் காட்டியாயிற்று. கூடை வேலை செய்தது நானா, ஓட்டோக்காரர் உள்ளே கோழியா என்று கேட்டார்.

மூத்திரப்பை மென்மையாகத்தான் இருக்கிறதாம், அடைப்பு இல்லை. ஆனால் வால் அடியில் தொட்டதும் டொக்டர் நிறுத்திவிட்டார். மயிருக்கு உள்ளே ஒரு வீக்கம், நடுவில் காய்ந்த பல் தடம், சீழ் கட்டியிருக்கிறது. காய்ச்சலும் இருந்தது. மயிரைச் சிரைத்துக் கீறிக் கழுவி ஊசி போட்டார், மருந்தும் தந்திருக்கிறார். சம்பல் அன்று கடித்ததாக இருக்க முடியாது, இது அதற்கு முதலே பட்டது, சீழ் இவ்வளவு கட்ட நாள் எடுக்கும் என்கிறார். பின் கதவு பகலில் திறந்துதான் கிடக்கும், புட்டு பைப்படி வரை போய் வரும். அப்போ மதில்காரனோடு ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

முதுகைத் தொட்டால் ஏன் அடிக்க வந்தது என்று இப்போது விளங்குகிறது. அம்மா திருநீறு பூசினதும் அந்த இடத்துக்குக் கிட்டத்தான்.

கிண்ணியா_நானா:

அல்ஹம்துலில்லாஹ், அடைப்பு இல்லை. ஆனால் தங்கச்சி, இப்போது விசயம் கொஞ்சம் மாறுகிறது, கவனமாக வாசியுங்கள். தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிக் கடுவன் புட்டுவைக் கடித்திருக்கிறது, அதற்குப் பிறகு புட்டு அம்மாவைக் கடித்திருக்கிறது. அடுத்த ஊசிக்குப் போகும்போது இதை ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லுங்கள். கை ஆறிவிட்டது என்று அம்மா மிச்ச ஊசிகளை விட்டுவிடக் கூடாது, நிறுத்துவதா தொடர்வதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புட்டுவுக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இப்போதே ஊசி போடலாமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள். கார்ட் சரியாக இருப்பதால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் அறைக்குள்ளேயே வைத்துப் பார்த்திருங்கள். எச்சில் ஒழுகல், விழுங்க முடியாமை, பின்னங்கால் தள்ளாட்டம், குரல் மாறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் கை வைக்காமல் கதவைச் சாத்திவிட்டு உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள். புண்ணுக்கு மருந்து போடும்போது கையுறை. மதில்காரனை நீங்கள் பிடிக்கப் போக வேண்டாம். அது ஆட்களைக் கண்டும் விலகாமல் விசர்த்தனமாகப் பாய்ந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

மூன்று_பூனைக்காரி:

சீழ்க் கதையை நான் நினைக்கவேயில்லை, நானா சொன்னது நல்லதாகப் போயிற்று.

புண் ஆறும் வரைக்கும் சம்பலைக் கிட்டக் கொண்டுவராதீர்கள் மாலா. டொக்டர் வீட்டு வாசமும் மருந்து வாசமும் புட்டுவில் இருக்கும், சம்பலுக்கு அது வேறு யாரோ ஒரு பூனை. ஆறின பிறகு ஒரு துணியால் புட்டுவின் கன்னத்தைத் துடைத்து சம்பல் சாப்பிடும் இடத்தில் வையுங்கள், சம்பலைத் துடைத்ததைப் புட்டுவிடம். சீறாமல் மணந்து பார்க்கத் தொடங்கினால், சாத்தின கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு. பிறகு விரல் அளவு திறந்து. ஒன்று சீறினாலும் ஒரு படி பின்னுக்கு. எவ்வளவு நாள் என்று கேட்காதீர்கள், அது புட்டுவும் சம்பலும் வைக்கிற கணக்கு.

அடுத்த வெடிக்கும் இப்போதே யோசியுங்கள். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி, இதெல்லாம் திகதி தெரிந்தவை. அன்று பின்னேரமே அறைக்குள் விட்டு, யன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக விட்டுவிடுங்கள். மீன் வெட்டுகிற இடத்தை மாற்றினீர்களா?

பாலையூற்று_மாலா:

மாற்றியாயிற்று, முன் படலையடிப் பைப்புக்கு. அம்மாவுக்குத்தான் அறவே விருப்பமில்லை. ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாம் நின்று இன்றைக்கு என்ன மீன், என்ன விலை என்று கேட்கிறார்களாம்.